பல்கலைக்கழகம் ஒப்பந்தம் போடலாம்னு வந்திருக்கு: ஊர்ச் சங்கம் என்னென்ன எழுதி வாங்கணும்?

பள்ளிகொண்டா
3 ஆகஸ்ட், இரவு 9.40

பாலாற்றங்கரையில கிணற்றுப் பாசன விவசாயிகள் சங்கம் ஒன்னு, ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பு ஒன்னு. ரெண்டு பேர்கிட்டயும் ஒரு பல்கலைக்கழகத்து வேதியியல் துறை வந்து பேசியிருக்காங்க. மூணு வருஷம், 60 கிணறு, வருஷத்துக்கு ரெண்டு தடவை தண்ணி எடுக்கணும். உப்பு, குரோமியம், நைட்ரேட் பார்ப்பாங்களாம். கூடவே வீட்டுக்கு வீடு உடல்நலக் கேள்வித்தாள். சங்கம் கிணத்துக்காரங்ககிட்ட பேசி வைக்கணும், மாதிரி எடுக்க ரெண்டு பொண்ணுங்களை அனுப்பணும். ஒப்பந்தம் ரெண்டு பக்கம், முழுக்க இங்கிலீஷ். ஆகஸ்ட் 15 கிராமசபையில கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்துக்கலாம்ங்கிறாங்க.

இதுக்கு முன்னாடி வந்தவங்க கேள்வித்தாளை நிரப்பிக்கிட்டுப் போனதோட சரி, முடிவுன்னு ஒரு காகிதம் ஊருக்கு வந்ததே இல்ல. அதனால வேண்டாம்னு பாதிப் பேர் சொல்றாங்க. இது தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணியம்பாடி
3 ஆகஸ்ட், இரவு 11.15

வேண்டாம்னு சொல்லாதீங்க. 15ஆம் தேதி கையெழுத்தும் போடாதீங்க. அன்னைக்குக் கிராமசபையில திட்டத்தைப் படிச்சுக் காட்டட்டும், ஊர் கேள்வி கேக்கட்டும், அது தீர்மானப் புத்தகத்துல ஏறட்டும். கையெழுத்தை அக்டோபர் 2 கிராமசபைக்குத் தள்ளுங்க. நடுவுல ஒன்றரை மாசம் கிடைக்கும், அதுல எல்லாத்தையும் எழுதி வாங்கிடலாம்.

அவசரத்துக்குக் காரணம் பெரும்பாலும் தரமதிப்பீடுதான். நாக் (கல்லூரிகளுக்குத் தரம் குடுக்குற தேசிய அமைப்பு) மதிப்பீடு பண்ணும்போது ஆராய்ச்சி, விரிவாக்கம்ங்கிற தலைப்புல எத்தனை புரிந்துணர்வு ஒப்பந்தம் நடைமுறையில இருக்குன்னு காட்டணும். கல்லூரிகளை ஊர்களோட இணைக்கிற மத்திய அரசுத் திட்டமான உன்னத் பாரத் அபியானில சேர்ந்த கல்லூரின்னா குறைஞ்சது 5 ஊரைத் தத்து எடுக்கணும். இதெல்லாம் தப்பில்ல. அவங்களுக்கு உங்க கையெழுத்து தேவைப்படுற நேரத்துலதான் உங்க நிபந்தனைக்கு மதிப்பு. போட்டுக் குடுத்த பிறகு கேட்டா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க.

கணியம்பாடி
4 ஆகஸ்ட், காலை 6.50

முக்கியமானதை நேத்து எழுதாம விட்டது நேரமாயிடுச்சுன்னுதான்.

தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28ல உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்பை எடுத்துப் படிங்க. அதுல ரெண்டு கணக்கு வருது. தோல் தொழிற்சாலைப் பகுதியில ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாவோ முழுசாவோ பயிருக்கு உதவாமப் போச்சுன்னு தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்தது ஒன்னு. திண்டுக்கல் பக்கம் 13 ஊர்ல 467 கிணத்துல 350 கெட்டுப்போச்சுன்னு ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்தது இன்னொன்னு. மாசுபடுத்துறவங்களே செலவை ஏத்துக்கணும், ஆபத்துன்னு தெரிஞ்சா முழு ஆதாரம் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாதுங்கிற ரெண்டு கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தோட பகுதின்னு அந்தத் தீர்ப்புதான் சொல்லுச்சு. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் போட்டாங்க.

பல்கலைக்கழகம் எடுத்த கணக்கு நீதிமன்றத்துல நின்னதுக்கு, அதை ஒரு ஊர் மன்றம் கையில எடுத்துக்கிட்டுப் போனதுதான் காரணம். அலமாரியில கிடந்திருந்தா இந்நேரம் செல் அரிச்சிருக்கும். 2025 ஜனவரி 30ல பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் திரும்பவும் தீர்ப்பு சொல்லியிருக்கு, அதனால இந்தக் கணக்குகளுக்கு இனியும் வேலை இருக்கு.

ஆகவே ஒப்பந்தத்துல முதல் வரியா நான் கேப்பது இதுதான். இப்படியே எழுதிக் குடுங்க:

"ஒவ்வொரு சுற்று முடிந்த 60 நாட்களுக்குள், கிணறு வாரியான எல்லா அளவீடுகளும் எக்செல் கோப்பாகவும் தமிழ் அச்சுப் பிரதியாகவும் சங்கத்திடம் ஒப்படைக்கப்படும். கிராமசபை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நீதிமன்றம் ஆகியவற்றின் முன் அவற்றை வைக்க, சங்கம் பல்கலைக்கழகத்தின் தனி அனுமதி பெறத் தேவையில்லை."

ஆய்வுக்கட்டுரை வந்த பிறகுதான் தருவோம்னு சொல்வாங்க. ஒத்துக்காதீங்க. கட்டுரை வெளிவர ரெண்டு வருஷம் கூட ஆகலாம். அந்தக் கிணத்துத் தண்ணிய ஊர் இன்னைக்கே குடிக்குது.

சத்துவாச்சாரி
4 ஆகஸ்ட், மதியம் 1.20

கணியம்பாடி சார் சொல்றதோட ஒன்னு சேர்க்கணும். எண்ணு கையில இருந்தா மட்டும் வாரியத்துலயும் கோர்ட்டுலயும் எடுபடாது. எதிர்த் தரப்பு வக்கீல் முதல்ல ரெண்டு கேள்வி கேப்பார். ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கா? பாட்டில் கிணத்தடியில இருந்து கருவி வரைக்கும் யார் யார் கை மாறி வந்துச்சு? கல்லூரித் துறை ஆய்வகம் நிறைய இடத்துல அங்கீகாரம் இல்லாம நடக்குது. ஆராய்ச்சிக்கு அது போதும், வழக்குக்குப் போதாது.

வழி இருக்கு. 60ல ஒரு 6 கிணத்துக்கு மாதிரியை ரெண்டாப் பிரிச்சு, பாதியை அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கோ குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துக்கோ சங்கத்துப் பேர்ல அனுப்புங்க. செலவைத் திட்ட நிதியிலயே முன்கூட்டிப் போடச் சொல்லுங்க. ரெண்டு ஆய்வகமும் ஒத்துப்போனா மத்த 54 கிணத்து எண்ணுக்கும் பலம் வரும்.

கைமாறு பதிவேடு ஒன்னு கட்டாயம். ஒரு நோட்டு போதும். மாதிரி எண், எடுத்த நாள், மணி, எடுத்தவர் கையெழுத்து, பெட்டியில ஏத்தினவர், ஆய்வகத்துல வாங்கினவர், வாங்கும்போது ஐஸ் இருந்ததா இல்லையா. பேனா எழுத்து, அடித்தல் திருத்தல் இருந்தா பக்கத்துல சுருக்கொப்பம்.

பள்ளிகொண்டா
4 ஆகஸ்ட், இரவு 8.05

மாதிரி எடுக்குற வேலை நம்ம பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் புதுசு. ஜல் ஜீவன் கிட்டு வச்சுச் சோதிக்கப் பயிற்சி எடுத்தவங்கதான். அது போதுமா சார்?

சத்துவாச்சாரி
4 ஆகஸ்ட், இரவு 10.30

அந்தக் கிட்டு குழாயடியில சட்டுனு பார்க்கறதுக்கு. ஆய்வுக்கு மாதிரி எடுக்கறது தனி ஒழுங்கு. பல்கலைக்கழகம் ஒரு முழு நாள் களத்துலயே பயிற்சி குடுக்கணும்னு எழுதி வாங்குங்க. நான் சொல்றது அந்தப் பயிற்சியில என்ன இருக்கணும்ங்கிறது.

போர் கிணறுன்னா மோட்டார் போட்டதும் வர்ற தண்ணியைப் பிடிக்கக் கூடாது. அது குழாயில நின்ன தண்ணி, துருவும் சேர்ந்து வரும். ஓட விட்டு, மின்கடத்துத்திறன் மீட்டரை அடிக்கடி வச்சுப் பாருங்க. எண்ணு ஏறாம இறங்காம நின்னதும் பிடிக்கலாம். தொட்டியில இருந்து பிடிக்கவே கூடாது. திறந்த கிணறுன்னா ஓரத்துப் பாசியை விட்டு, நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ வாளி இறங்கணும்.

ஒரு கிணத்துக்கு நாலு பாட்டில். நாலும் ஒன்னு போல இல்ல, இங்கதான் நிறையத் தப்பு நடக்கும்.

உப்பு, குளோரைடு, நைட்ரேட்டுக்கு சாதா பிளாஸ்டிக் பாட்டில். அதே தண்ணியால மூணு தடவை அலசிட்டு, கழுத்து வரைக்கும் நிரப்பணும். ஐஸ்ல வைக்கணும்.

மொத்தக் குரோமியத்துக்கு நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டில், பி.எச். 2க்குக் கீழ வரணும். அமிலம் முன்கூட்டியே இருந்தா அலசினா அது போயிடும். போச்சுன்னா குரோமியம் பாட்டில் சுவர்ல ஒட்டிக்கும், ஆய்வகத்துல குறைச்சலாக் காட்டும். கையுறை போட்டுக்கணும்.

ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு, அதாவது நச்சு அதிகமான வகைக்கு, நேர் எதிர். அமிலம் விடவே கூடாது, ஐஸ்ல வச்சு 24 மணி நேரத்துக்குள்ள பார்த்தாகணும். அதனால சனிக்கிழமை சாயங்காலம் இதை எடுத்தா வீண். ஆய்வகம் திங்கள் காலையிலதான் திறக்கும்.

கிருமிக்குக் கிருமிநீக்கம் பண்ணின பாட்டில். அலசக் கூடாது, மூடியோட உள்பக்கம் விரல் படக் கூடாது, மேல கொஞ்சம் காத்துக்கு இடம் விடணும். குளோரின் போட்ட தண்ணின்னா சோடியம் தயோசல்ஃபேட் போட்ட பாட்டில் கேளுங்க. குளோரின் வழியிலயே கிருமியைக் கொன்னுட்டா, கிணறு சுத்தம்னு பொய்யா வரும்.

பத்து மாதிரிக்கு ஒன்னை இரட்டையா, அதே கிணத்துத் தண்ணியை வேற எண்ணு போட்டு அனுப்பணும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பாட்டில் காய்ச்சி வடித்த நீர், களத்துல திறந்து மூடி அதையும் சேர்த்து அனுப்பணும். அதுல உப்பு காட்டினா அந்த நாள் மாதிரி அத்தனையும் சந்தேகம்.

லேபிள்ல எழுத்து அழியக் கூடாது. ஐஸ் பெட்டித் தண்ணியில ஜெல் பேனா எழுத்து மொத்தமாக் கரைஞ்சிடும். பர்மனென்ட் மார்க்கர்ல எழுதி மேல செல்லோ டேப் ஒட்டிடுங்க. கிணத்துக்காரர் பேர் வேண்டாம், எண் மட்டும்.

சத்துவாச்சாரி
5 ஆகஸ்ட், காலை 7.10

மீட்டர் பத்தி. டி.டி.எஸ். மீட்டர் உப்பை நேரா அளக்கறது இல்ல. மின்கடத்துத்திறனை அளந்து, ஒரு எண்ணால பெருக்கிக் காட்டுது. அந்த எண் ஒரு கம்பெனி மீட்டர்ல 0.5, இன்னொன்னுல 0.7. கடத்துத்திறன் 3,000 மைக்ரோசீமென்ஸ் உள்ள கிணறு ஒரு மீட்டர்ல 1,500 காட்டும், இன்னொன்னுல 2,100 காட்டும். குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500ல ஏற்கத்தக்கது லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற தண்ணியே இல்லாத இடத்துல உச்ச வரம்பு 2,000. அப்போ ஒரே கிணறு ஒரு மீட்டர்ல பாஸ், இன்னொன்னுல ஃபெயில். மூணு வருஷத்துல மீட்டர் மாறினா கிணறு கெட்டுப்போச்சு, தேறிடுச்சுன்னு தப்பா அறிக்கை எழுதுவாங்க. நோட்டுல கடத்துத்திறனைத்தான் எழுதணும், வெப்பநிலையோட. தினம் காலையில கடத்துத்திறன் 1,413 மைக்ரோசீமென்ஸ்னு அளவு தெரிஞ்ச கரைசல்ல வச்சுச் சரி பார்த்துட்டுக் கிளம்பணும்.

கணியம்பாடி
5 ஆகஸ்ட், இரவு 9.00

இது அருமை சார். 60 கிணறு எப்படிப் பொறுக்கணும்னும் சொல்லுங்க. ஊர்ல கெட்ட கிணறாப் பார்த்துக் காட்டுற வழக்கம் உண்டு.

சத்துவாச்சாரி
5 ஆகஸ்ட், இரவு 10.45

கெட்டது மட்டும் காட்டினா ஆய்வு செல்லாது. தண்ணி ஓட்டத்துக்கு மேல்பக்கம், தொழிற்சாலைக் கழிவு தொடாத இடத்துல நல்ல கிணறும் வேணும், ஒப்பிட. ஆத்துல இருந்து தூரம், ஆழம், திறந்த கிணறா போரா, இப்படிக் கலந்து எடுக்கணும். இங்க தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அதனால ஒரு சுற்று மே கடைசியில மழைக்கு முன்னாடி, ஒரு சுற்று பொங்கல் முடிஞ்சு. ஒவ்வொரு வருஷமும் அதே மாசத்துலதான்.

இன்னொன்னு, ஊர்ல முன்கூட்டியே சொல்லி வைக்கணும். எல்லாரும் குரோமியத்தைத்தான் எதிர்பார்ப்பாங்க. தோல் பதனிடுறதுல போடுற குரோமியம் பெரும்பாலும் மூணு இணைதிறன், அது மண்ணுலயும் சேத்துலயும் படிஞ்சிடும், கிணத்துக்கு அவ்வளவு சுலபமா வராது. தண்ணியோட தடையில்லாம ஓடி வர்றது உப்பு. பச்சைத் தோலைக் கெடாம வைக்க உப்புல போடுறாங்க, அந்தத் தோலை ஊற வச்சுக் கழுவுற தண்ணி முழுக்க உப்பு. சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகும் ஆவியாக்கின உப்பு மூட்டை மூட்டையாத் தேங்குது. தென்னை குரும்பை கொட்டுறது, நெல்லு பதராகறது எல்லாம் அதோட வேலை. குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்குள்ள வந்துடுச்சுன்னா கிணறு நல்லாயிருக்குன்னு யாராவது பேப்பர்ல போட்டுடுவாங்க. குளோரைடும் சோடியமும் கூடவே அச்சாகணும்னு கேளுங்க.

குடியாத்தம்
9 ஆகஸ்ட், மதியம் 2.15

பீடித் தொழிலாளர் சங்கத்துல இருந்து எழுதறேன். தண்ணி பத்தி நல்லாச் சொல்லிட்டீங்க. கேள்வித்தாள் பத்தி யாரும் பேசல.

கணியம்பாடி சார் 'எல்லா அளவீடும் சங்கத்துக்கு'ன்னு எழுதச் சொன்னது கிணத்துக்குச் சரி. உடல்நலக் கேள்விக்குச் சரிப்படாது. ஒரு பொண்ணு கருக்கலைஞ்சதுன்னு சொல்லியிருப்பா, ஒருத்தர் காசநோய் மாத்திரை சாப்பிடுறதைச் சொல்லியிருப்பார். அது சங்கத்துச் செயலாளர் கையில வரவே கூடாது. சங்கத்துல இருக்கறவங்க அதே தெருக்காரங்க, நாளைக்குக் கல்யாணம் பேசுற இடத்துல நிப்பாங்க. ஊருக்கு வர வேண்டியது மொத்தக் கணக்கு மட்டும். தெரு வாரியாப் போட்டா கூட எண்ணிக்கை குறைச்சல்னா யாருன்னு தெரிஞ்சிடும், அப்படி இருந்தா ரெண்டு தெருவைச் சேர்த்துப் போடச் சொல்லணும்.

கணியம்பாடி
9 ஆகஸ்ட், இரவு 9.30

அக்கா சொன்னதை ஒப்பந்தத்துல ரெண்டு தனிப் பிரிவாப் பிரிச்சுடுங்க. கிணறு ஒரு பக்கம், மனுஷங்க ஒரு பக்கம்.

மனுஷங்களைக் கேள்வி கேக்குற ஆய்வுன்னா நிறுவன நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாம ஒரு வீட்டுப் படி ஏறக் கூடாது. ஒப்புதல் கடிதத்தோட நகல், அதுல எண்ணும் தேதியும், சங்கத்துக் கோப்புல இருக்கட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட 2017 நெறிமுறைகள்ல இதெல்லாம் இருக்கு. அதுல முக்கியமா ஒன்னு: ஊர்ப் பெரியவரோ சங்கத் தலைவரோ சம்மதிச்சுட்டார்னு தனி ஆள் சம்மதத்தை விட முடியாது. ரெண்டும் வேணும். கிராமசபைத் தீர்மானத்தைக் காட்டி 'ஊரே ஒத்துக்கிச்சு, நீங்க மட்டும் ஏன்'னு யாரும் கேக்கக் கூடாது.

சம்மதப் படிவம் தமிழ்ல. பேரணாம்பட்டு, ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம்னா உருதுலயும் வேணும், ஆந்திர எல்லைப் பக்கம் தெலுங்கு. கைநாட்டு வைக்கிறவங்களுக்கு ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி கூட இருந்து கையெழுத்துப் போடணும். ஒரு நகல் அந்த வீட்டுலயே விட்டுட்டு வரணும், அதுல ஆய்வாளர் போன் நம்பரும் நெறிமுறைக் குழுச் செயலாளர் நம்பரும் இருக்கணும். பிள்ளைங்களைச் சேர்த்தா பெத்தவங்க சம்மதத்தோட, 7லிருந்து 12 வயசு வரைக்கும் பிள்ளையோட வாய்மொழி ஒப்புதல், அதுக்கு மேல 18 வரைக்கும் எழுத்துல.

குடியாத்தம்
9 ஆகஸ்ட், இரவு 10.10

நேரமும் எழுதி வாங்குங்க. கல்லூரிக்காரங்க காலையில பத்து மணிக்கு வந்து இறங்குவாங்க. பீடி சுத்துற வீட்டுல அது கை ஓடுற நேரம், ஒரு மணி நேரம் பேசினா அன்னைக்குக் கூலி குறையும். கூலி இழப்புக்குப் பணம் குடுக்கறதை நெறிமுறை தடுக்கல, ஆசை காட்டுற அளவுக்குப் பெருசா இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம். வைகாசி முதல் தேதி இங்க கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அதைச் சுத்தி ஒரு வாரம் யாரும் வீட்டுல கிடைக்க மாட்டாங்க. சத்துவாச்சாரி சார் மே கடைசின்னு சொன்னது அதனாலயும் நல்லது.

காட்பாடி தணிக்கை
16 ஆகஸ்ட், காலை 11.00

பணத்தைப் பத்தி யாரும் தொடல. அதுலதான் நிறையக் கூட்டு உடையுது.

முதல் கேள்வி, நிதி எங்க இருந்து வருது? வெளிநாட்டு நிதின்னா 2020 செப்டம்பர் திருத்தத்துக்குப் பிறகு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு உள்ள ஒரு அமைப்பு இன்னொரு அமைப்புக்கு அதை மாத்திக் குடுக்கவே முடியாது. உங்க சங்கத்துக்கும் பதிவு இருந்தாலும் முடியாது. 'உங்க கணக்குல போட்டுடறோம்'னு பேராசிரியர் நல்லெண்ணத்துல சொல்வார், நம்பி ஆள் போட்டுடாதீங்க. ரெண்டு பொண்ணுங்களையும் பல்கலைக்கழகமே களப் பணியாளரா நியமிச்சு நேரா அவங்க வங்கிக் கணக்குல சம்பளம் போடட்டும்.

உள்நாட்டு நிதின்னா சங்கத்துக்கு வரலாம். பேராசிரியர் கையெழுத்து பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது, பதிவாளர் போடணும். உங்க பக்கம் செயற்குழுத் தீர்மானம், செயலாளர், பொருளாளர் ரெண்டு பேர் ஒப்பம். சங்கம் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல இருந்தா ஆண்டறிக்கை நிலுவையில்லாம இருக்கணும், இல்லாட்டி நிதிப் பிரிவு முதல் நாளே கோப்பைத் திருப்பிடும். பான் கட்டாயம், இல்லேன்னா வரிப்பிடித்தம் 20%. பான் இருந்தா ஒப்பந்த வேலைக்குச் சங்கத்துக்கு 2%, தனி ஆளுக்கு 1%, தொழில்முறைச் சேவைன்னு எழுதினா 10%. பில்லுல எந்தச் சொல் போடுறீங்கன்னு பார்த்துப் போடுங்க.

காட்பாடி தணிக்கை
16 ஆகஸ்ட், மாலை 5.40

புரிந்துணர்வு ஒப்பந்தத்துல பணம் இருக்காது. அது நல்ல வார்த்தை மட்டும்தான். தனியா ஒரு திட்ட ஒப்பந்தம், முத்திரைத்தாள்ல, வரவு செலவுப் பட்டியல் இணைப்போட கேளுங்க. பட்டியல்ல ஆட்டோ, ஐஸ், மார்க்கர், கையுறை, போன் ரீசார்ஜ், கூட்டத்துக்கு டீ, தமிழ் அச்சு, ரெண்டாவது ஆய்வகச் செலவு எல்லாம் தனி வரியா இருக்கணும். வரி இல்லாத செலவுக்குப் பணம் வராது.

நிதி தவணையா வரும். முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் குடுத்தாதான் ரெண்டாவது. அந்தச் சான்றிதழ் பல்கலைக்கழக நிதிப் பிரிவுல மாசக்கணக்கா நிக்கும், நடுவுல களப் பணியாளருக்குச் சம்பளம் நிக்கும். மூணு மாசச் சம்பளம் முன்பணமா சங்கக் கணக்குலயோ துறைக் கணக்குலயோ எப்பவும் இருக்கணும்னு எழுதுங்க. ரசீது அன்னைக்கு அன்னைக்கே ஒட்டுங்க, தெர்மல் பேப்பர்ல வர்ற பில்லை உடனே ஜெராக்ஸ் எடுங்க. ஆறு மாசத்துல அது வெள்ளைத் தாள்.

மீட்டர், ஐஸ் பெட்டி எல்லாம் திட்டம் முடிஞ்சதும் யாருக்கு? எழுதலேன்னா பல்கலைக்கழகச் சரக்குப் பதிவேட்டுக்குத் திரும்பிப் போயிடும். வழக்கு வந்தா எந்த ஊர் நீதிமன்றம்ங்கிற வரியையும் பாருங்க. சென்னை, டெல்லின்னு இருந்தா வேலூர்னு மாத்துங்க.

அணைக்கட்டு
21 ஆகஸ்ட், இரவு 8.20

குறுக்க ஒரு கேள்வி. இங்க முள்ளு கத்தரிக்கா விதை கேட்டு ஒரு ஆராய்ச்சிக் குழு வந்திருக்கு. 2023ல புவிசார் குறியீடு வாங்கிட்டோமே, இனி விதை குடுத்தா பயமில்லைன்னு சிலர் சொல்றாங்க. சரியா?

கணியம்பாடி
21 ஆகஸ்ட், இரவு 10.00

புவிசார் குறியீடு காக்கறது பேரை. வேற ஊர்க் கத்தரியை வேலூர் முள்ளு கத்தரின்னு விக்கறதைத் தடுக்கலாம். விதை மேல உரிமைக்கு 2001 பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் வேற இருக்கு. அதுல உழவர் ரகம்னு உங்க குழுப் பேர்லயே பதியலாம், பதிவுக் கட்டணமும் இல்ல. அந்த விண்ணப்பத்தை நிரப்ப உதவுங்கன்னு வந்த குழுவையே கேளுங்க, அது அவங்களுக்குத் தெரிஞ்ச வேலை. விதை குடுக்கும்போது எவ்வளவு கிராம், எந்த வயல், எதுக்கு, மூணாம் ஆளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு ஒரு தாள்ல எழுதி ரெண்டு பக்கமும் ஒப்பம். ஊராட்சியில பல்லுயிர் மேலாண்மைக் குழு இருந்தா மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுல இந்த ரகம் ஏறியிருக்கான்னும் பாருங்க.

கணியம்பாடி
2 செப்டம்பர், இரவு 9.15

நீண்ட நாள் நிக்கிற கூட்டு எப்படி இருக்கும்னு ஒருத்தர் தனியாக் கேட்டிருந்தார். நம்ம பக்கத்துலயே இருக்கு. கே.வி.குப்பத்துல சி.எம்.சி. மருத்துவமனையோட கிராம சுகாதாரப் பிரிவு ருஹ்சா 1977ல இருந்து நடக்குது. கணியம்பாடி ஒன்றியத்துல அவங்களோட சாட்ங்கிற சமூக சுகாதாரத் திட்டம். வேலூர் நகரத்துல சின்ன அல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா பகுதிக் குழந்தைங்களை 2002ல இருந்து பிறந்ததும் சேர்த்து மூணு வயசு வரைக்கும் தொடர்ந்து பார்த்தாங்க, வயித்தால போக வைக்கிற ரோட்டா வைரஸ் எத்தனை தடவை தாக்குதுன்னு அதுலதான் தெளிவாத் தெரிஞ்சுது. பிறகு ரோட்டாவேக் தடுப்பூசிச் சோதனை டெல்லி, புனே, வேலூர் மூணு இடத்துலயும் நடந்தது, மொத்தம் 6,799 குழந்தைங்க.

இதுல கவனிக்க வேண்டியது, ஆய்வோட சேர்ந்தே வைத்தியமும் அங்க கிடைச்சது. குழந்தைக்கு வயித்தால போனா கேள்வித்தாளோட நிக்காம மருந்தும் குடுக்க ஆள் இருந்தாங்க. வீட்டுக்கு வர்றதும் அதே பகுதிப் பொண்ணுதான். முனைவர் பட்ட மாணவர் மூணு வருஷத்துல போயிடுவார், பேராசிரியர் மாறுவார். களப் பணியாளர் மாறாம இருந்தா கூட்டு நிக்கும். அதனால அந்த ரெண்டு பொண்ணுங்க வேலையைச் சுற்று வாரியாப் போடாம மூணு வருஷத்துக்கும் சேர்த்து மாதச் சம்பளமாக் கேளுங்க. கட்டுரையில அவங்க பங்கு எப்படிக் குறிக்கப்படும்ங்கிறதும், அவங்க விருப்பத்தோட, இப்பவே முடிவாகட்டும்.

பள்ளிகொண்டா
28 செப்டம்பர், இரவு 9.50

நிலவரம் சொல்றேன். தமிழ்ல ஒப்பந்தம் வந்துடுச்சு, ரெண்டு மொழிக்கும் ஒரே மதிப்புன்னு எழுதியிருக்கு. 60 நாள் 90 ஆயிடுச்சு, ஒத்துக்கிட்டோம். வாரியத்துக்கும் கோர்ட்டுக்கும் அனுமதி வேண்டாம்ங்கிற வரி நின்னுடுச்சு. கட்டுரை அனுப்புறதுக்கு 30 நாள் முன்னாடி தமிழ்ச் சுருக்கம் குடுப்பாங்க, கருத்துச் சொல்லலாம், தடுக்க முடியாது. ரெண்டாவது ஆய்வகச் செலவு பட்டியல்ல ஏறிடுச்சு. முன்பணம் மூணு மாசம் கேட்டோம், ரெண்டு மாசம்தான் குடுப்பாங்களாம். பதிவாளர் கையெழுத்து அக்டோபர் 2க்குள்ள வரும்ங்கிறாங்க.

ஒன்னுதான் பாக்கி. ஒரு வீட்டுக் குடிதண்ணிக் கிணத்துல ஏதாவது மோசமா வந்தா, அதுக்கும் 90 நாள் காத்திருக்கணுமா?

சத்துவாச்சாரி
28 செப்டம்பர், இரவு 10.55

கூடவே கூடாது. தனி வரி போடுங்க: குடிக்கப் பயன்படுற கிணத்துல நைட்ரேட் 45, ஃபுளோரைடு 1.5, மொத்தக் குரோமியம் 0.05, இதுல எதையாவது தாண்டினாலோ மலக்கிருமி இருந்தாலோ, ஆய்வகத்துல உறுதியான 48 மணி நேரத்துக்குள்ள அந்த வீட்டுக்குப் போன்ல சொல்லணும், ஒரு வாரத்துல எழுத்துல. எண்ணு எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம்.

சொல்றதோட என்ன செய்யணும்னும் அந்தச் சீட்டுல அச்சடிக்கணும். மலக்கிருமின்னா கொதிக்க வச்சுக் குடிக்கச் சொல்லி, கிணத்துக்குக் குளோரின் போட்டுத் திரும்பச் சோதிக்கணும். நைட்ரேட்டுக்குக் கொதிக்க வைக்கறது உதவாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடும். ஆறு மாசத்துக்குள்ள கைக்குழந்தை இருக்கற வீட்டுல அந்தத் தண்ணியில பால் பவுடர் கலக்கவே கூடாது, வேற தண்ணி எடுக்கணும். ஃபுளோரைடும் குரோமியமும் காய்ச்சினாப் போகாது, குடிக்கறதுக்கும் சமையலுக்கும் ஊராட்சிக் குழாய்த் தண்ணிக்கு மாறணும். குளிக்க, துணி துவைக்க அந்தக் கிணறே போதும்னு சேர்த்து எழுதுங்க, இல்லாட்டி பயத்துல கிணத்தையே மூடிடுவாங்க.

குடியாத்தம்
29 செப்டம்பர், காலை 6.30

அந்தச் சீட்டை ஆம்பளைங்க கையில மட்டும் குடுத்துட்டு வராதீங்க. தண்ணி மொள்ளுறவங்ககிட்ட படிச்சுக் காட்டணும். ரெண்டு பொண்ணுங்க சம்பளத்துல அந்த வீட்டு நடைக்கும் ஒரு நாள் கணக்குப் போட்டிருக்கான்னு பட்டியலைப் பாருங்க.

பள்ளிகொண்டா
29 செப்டம்பர், இரவு 8.15

பார்த்தேன் அக்கா, இல்ல. ஒவ்வொரு சுற்றுக்கும் நாலு நாள் சேர்த்து எழுதித் திருப்பி அனுப்பியிருக்கேன்.